ஊரடங்கு ஆண்டுகள் – 14: ஆள் இல்லாத தொகுதி

சென்ற வாரம் கோயம்பேடு சந்தைக்குப் பூட்டுப் போட்ட இடத்தில் நிறுத்தியிருந்தோம். அது 2020 மே 5. ஐந்து நாள் கழித்து வெங்காயமும் தக்காளியும் திருமழிசைக்குக் குடிபெயர்ந்தன. கோயம்பேட்டில் பிடித்துக்கொண்ட தொற்று மட்டும் திருமழிசையோடு நிற்கவில்லை. சுமை தூக்குபவர்களோடு கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் அரியலூருக்கும் லாரி ஏறிப் போனது. சில்லறை வியாபாரிகளின் தள்ளுவண்டியோடு சென்னையின் சந்துகளுக்குள்ளும் புகுந்தது.

அந்தச் சந்துகளில் சில இருக்கிற ஒரு தொகுதியைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்: சேப்பாக்கம் – திருவல்லிக்கேணி. கிழக்கே கடல். உள்ளே பார்த்தசாரதி கோயில், வாலாஜா பள்ளிவாசல், கிரிக்கெட் மைதானம், எழிலகத்து அரசு அலுவலகங்கள். இவற்றுக்கு நடுவே, இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கியே ஆக வேண்டிய தெருக்கள். பழைய சேப்பாக்கம் தொகுதியில் 1996, 2001, 2006 என்று மூன்று முறை கருணாநிதி நின்று வென்றார். மறுசீரமைப்புக்குப் பிறகு 2011இலும் 2016இலும் வென்றவர் ஜெ. அன்பழகன்.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. அந்த ஆண்டுச் செய்தித்தாள்களைப் புரட்டுகிறவர்கள் மூன்று அன்பழகன்களைக் குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு. 2020 மார்ச் 7 அன்று காலமான தி.மு.க. பொதுச்செயலாளர் பேராசிரியர் க. அன்பழகன் ஒருவர். தமிழ்நாட்டின் முதல் கொரோனா தொற்று அறிவிக்கப்பட்டதும் அதே நாளில்தான். அ.தி.மு.க. ஆட்சியில் உயர்கல்வித் துறை அமைச்சராக இருந்த கே.பி. அன்பழகன் இன்னொருவர். அவரும் இந்தக் கதைக்குள் வருவார். நாம் பேசப்போவது மூன்றாமவரைப் பற்றி.

கட்சிக்காரர்களுக்கு அவர் பழக்கடை ஜெயராமன் மகன். தி.மு.க.வின் சென்னை மேற்கு மாவட்டச் செயலாளர். 2001இல் தியாகராய நகரில் வென்று முதன்முதலாகச் சட்டமன்றத்துக்குப் போனவர். இடையில் சினிமாவிலும் கால் வைத்தார். அமீர் இயக்கிய ‘ஆதிபகவன்’ அவருடைய தயாரிப்பு. அவையில் குரலை உயர்த்திப் பேசுகிறவர் என்று பெயர். குட்கா விவகாரத்தில் சி.பி.ஐ. விசாரணை வேண்டும் என்று உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2018 ஏப்ரலில் அந்த உத்தரவைப் பெற்ற மனுதாரர் அவர்தான். பல ஆண்டுகளுக்கு முன்பே கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். இந்தக் கடைசித் தகவலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மாற்று உறுப்பை உடல் தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தை வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்குத் தொற்று வந்தால் சமாளிப்பது கடினம்.

இந்தத் தொடரில் இதுவரை ஆட்சியர்கள் வந்தார்கள், ஆணையர்கள் வந்தார்கள், மருத்துவர்களும் தூய்மைப் பணியாளர்களும் வந்தார்கள். எம்.எல்.ஏ. யாரும் வரவில்லையே என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பதில் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

ஊரடங்கு இரண்டு சட்டங்களின் தோளில் நின்றது. ஒன்று, பம்பாய்ப் பிளேக்குக்காக 1897இல் வெள்ளைக்காரன் போட்ட கொள்ளைநோய்ச் சட்டம். மற்றது 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். இரண்டாவது சட்டத்தில் மாநில ஆணையத்துக்கு முதல்வர் தலைவர், மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியர் தலைவர். தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதிக்கு ஓர் இணைத்தலைவர் நாற்காலியும் உண்டு. சட்டமன்ற உறுப்பினர் என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை. சட்டம் இயற்றுகிறவர்கள் தங்களுக்கென்று ஒரு வரிகூட எழுதிக்கொள்ளாதது அதிசயம்தான். அது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் என்பதால் அதிசயம் கொஞ்சம் குறையலாம்.

சென்னைக்கு இதில் ஒரு கூடுதல் ஊனம். மாநகராட்சியின் 200 வார்டுகளிலும் 2016 அக்டோபருக்குப் பிறகு கவுன்சிலர் என்று ஒருவர் கிடையாது. பதவிக்காலம் முடிந்தது, தேர்தல் வழக்குகளில் சிக்கியது, அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். இடைப்பட்ட காலம் முழுக்கத் தனி அலுவலர் ஆட்சி. கொரோனா வந்தபோது கேரளத்தில் ஒவ்வொரு வார்டிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் இருந்தார். எந்த வீட்டில் யார் தனிமையில் இருக்கிறார்கள், யாருக்குச் சமூகச் சமையலறையிலிருந்து பொட்டலம் போக வேண்டும் என்ற கணக்கு அவரிடம் இருந்தது. தெலங்கானாவின் முலுகு தொகுதியில் சீதக்கா என்ற எம்.எல்.ஏ., அரிசி மூட்டைகளோடு காட்டுப் பாதைகளில் நடந்தே பழங்குடிக் குடியிருப்புகளுக்குப் போய்க்கொண்டிருந்தார். திருவல்லிக்கேணியில் வார்டு உறுப்பினர் இல்லை, மேயர் இல்லை. மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களில் கூப்பிடு தூரத்தில் இருந்தவர் எம்.எல்.ஏ. ஒருவர்தான்.

அந்த மார்ச் மாதத்தில் திருவல்லிக்கேணி எப்படி இருந்தது என்று கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். அது மேன்ஷன்களின் ஊர். வேலை தேடி வந்தவர்கள், உதவி இயக்குநர்கள், மருந்து விற்பனைப் பிரதிநிதிகள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் என்று ஒற்றைக் கட்டில் அறைகளில் தங்கி மெஸ்ஸில் சாப்பிடுகிற கூட்டம். மார்ச் 24 மாலை 6 மணிக்கு 144 தடை உத்தரவு தொடங்குவதற்கு முன்பே பெரும்பாலோர் பையைத் தூக்கிக்கொண்டு கோயம்பேடு பேருந்து நிலையத்துக்கு ஓடிவிட்டார்கள். வரவேற்பு மேசைக்குப் பின்னால் பலகையில் ஆணிக்கு ஆணி சாவி தொங்கியது. ஊருக்குப் போக முடியாமல் தங்கிவிட்டவர்களுக்கு வேறு பிரச்சினை. மெஸ் மூடிவிட்டது, அறையில் அடுப்பு கிடையாது, ரேஷன் அட்டை சொந்த ஊரில். அரிசி அட்டைக்கு அரசு 1,000 ரூபாயும் இலவச அரிசியும் கொடுத்தபோது, அட்டை கையில் இல்லாத இவர்கள் எந்தப் பட்டியலிலும் வரவில்லை. அம்மா உணவகம்தான் இவர்களைக் காப்பாற்றியது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

இப்படிப்பட்டவர்கள் யாரிடம் போவார்கள்? கட்சி வட்டச் செயலாளரிடம் போவார்கள். அவர் மாவட்டச் செயலாளருக்குப் போன் போடுவார். அன்பழகனுக்கு இரண்டு பதவியும் ஒன்றாக இருந்ததால் எல்லாத் தொலைபேசி அழைப்பும் ஒரே இடத்துக்கு வந்து சேரும்.

ஆனால் அவர் கையில் என்ன இருந்தது? சட்டமன்றம் இல்லை. நோய் பரவும் நேரத்தில் கூட்டத்தொடர் எதற்கு என்று கேட்டு மார்ச் 23 அன்று தி.மு.க. அவையைப் புறக்கணித்தது, மறுநாளோடு கூட்டத்தொடரும் முடித்துவைக்கப்பட்டது. தொகுதி மேம்பாட்டு நிதி என்று ஒன்று உண்டே என்றால், ஒவ்வொரு உறுப்பினரின் நிதியிலிருந்தும் 1 கோடி ரூபாயை நோய்த்தடுப்புப் பணிக்கு அரசே எடுத்துக்கொள்ளும் என்று ஏப்ரலில் அறிவிப்பு வந்தது. தொகுதியின் பணத்தைத் தொகுதியிலேயே செலவழிக்க விடுங்கள் என்று எதிர்க்கட்சி கேட்டது, நடக்கவில்லை.

மிஞ்சியது கட்சிப் பணமும் கைப்பணமும். அதற்கும் ஏப்ரல் 12 அன்று தடை வந்தது. கட்சிகளும் தொண்டு அமைப்புகளும் உணவையோ மளிகையையோ மக்களிடம் நேரில் கொடுக்கக் கூடாது, ஆட்சியர்களிடமும் ஆணையரிடமும் ஒப்படைக்க வேண்டும் என்றது அரசு. கூட்டம் சேர்ந்தால் தொற்று பரவும் என்பது அரசு சொன்ன காரணம். பசியோடு இருக்கிறவனுக்கும் சோற்றுக்கும் நடுவில் அரசாங்கம் ஏன் நிற்கிறது என்பது எதிர்க்கட்சியின் கேள்வி. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சில நாளிலேயே நீதிமன்றம் நடுவழி ஒன்றைக் காட்டியது: 48 மணி நேரத்துக்கு முன்பே அதிகாரிகளுக்குத் தகவல் சொல்லிவிட்டு, ஓட்டுநரைத் தவிர மூன்று பேருக்கு மேல் போகாமல், இடைவெளி விட்டு நின்று கொடுக்கலாம்.

ஏப்ரல் 20 அன்று ஸ்டாலின் ‘ஒன்றிணைவோம் வா’ என்ற திட்டத்தை அறிவித்தார். ஒரு தொலைபேசி எண். அதில் வரும் கோரிக்கை அந்தந்தப் பகுதி நிர்வாகிக்குப் போகும். அவர் அரிசியோ மருந்தோ கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சென்னை மேற்கில் அதை ஓட்டியவர் அன்பழகன். முகக்கவசம் போட்டுக்கொண்டு அரிசிப் பைகளுக்குப் பக்கத்தில் அவர் நிற்கிற படங்கள் அந்த இரண்டு மாதமும் வந்துகொண்டே இருந்தன. எதிர்க்கட்சியின் விளம்பரம் என்றார்கள் ஆளுங்கட்சியினர். விளம்பரமும் இருந்தது, யார் மறுக்க முடியும்? பைக்குள் அரிசியும் இருந்தது.

என் கணிப்பில் அந்தத் தகராறில் இரண்டு தரப்பும் பாதி சரி. கூட்டம் ஆபத்து என்று அரசு பயந்ததில் தப்பில்லை. பயந்த அரசு, அந்த வேலையை எடுத்துச் செய்ய வார்டு அளவில் ஓர் ஆளைக் கொடுத்திருக்க வேண்டும். அப்படி ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலைத்தான் நாலு வருஷமாக நடத்தாமல் வைத்திருந்தார்கள்.

இனி திறப்புக்கு வருவோம். மூடுவது ஒரே நாளில் முடிந்தது. திறப்பதற்குத்தான் வரைபடமும் கணக்கும் வேண்டியிருந்தது. மே 31 அன்று தமிழக அரசு மாநிலத்தின் 37 மாவட்டங்களையும் எட்டு மண்டலங்களாகப் பிரித்து அறிவித்தது. கோவை, நீலகிரி, ஈரோடு, திருப்பூர், கரூர், சேலம், நாமக்கல் முதல் மண்டலம். திருச்சியும் டெல்டாவும் சேர்ந்து ஒன்று. மதுரையைச் சுற்றி ஒன்று. நெல்லை, தூத்துக்குடி, தென்காசி, குமரி சேர்ந்து ஆறாவது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் ஏழாவது. எட்டாவது மண்டலத்தில் ஒரே ஒரு பெயர்: சென்னை. ஜூன் 1 முதல் முதல் ஆறு மண்டலங்களுக்குள் பாதிப் பேருந்துகள் ஓடலாம், மண்டலத்துக்குள் போய்வர இ–பாஸ் வேண்டாம். ஏழுக்கும் எட்டுக்கும் பேருந்து கிடையாது.

கோவையிலிருந்து ஈரோட்டுக்குப் பேருந்து ஏறியவர்களுக்கு அன்றைக்கு ஊரடங்கு முடிந்த மாதிரி இருந்தது. சென்னைக்காரனுக்குத் தன் ஊரைத் தனித்தீவாக வெட்டி வைத்த மாதிரி இருந்தது. சென்னைப் பதிவெண் வண்டியைக் கண்டாலே ஊர் எல்லையில் நிறுத்தி விசாரித்த காலம் அது. யோசித்துப் பார்த்தால் மண்டலப் பிரிப்பு கெட்ட யோசனை அல்ல. நோய் இல்லாத ஊர் நோய் உள்ள ஊருக்காக ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? கோளாறு வேறு இடத்தில். எந்த மாவட்டம் எந்த மண்டலம், எப்போது எதைத் திறப்பது என்று முடிவெடுத்த அறையில் முதல்வர், தலைமைச் செயலாளர், மருத்துவ நிபுணர் குழு, காணொளியில் ஆட்சியர்கள் இருந்தார்கள். 234 தொகுதிகளிலிருந்து வந்தவர்களை உட்காரவைத்து ஒரு நாள் கேட்டிருந்தால், ஒரு மண்டலத்தின் எல்லைக்கு அந்தப் பக்கம் வேலையும் இந்தப் பக்கம் வீடுமாக எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சொல்லியிருப்பார்கள். மண்டல முறை ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. ஜூன் கடைசி வாரத்தில் மாவட்டம் விட்டு மாவட்டம் போக மறுபடி இ–பாஸ். ஜூலையில் பேருந்தே நின்றுபோனது.

சென்னையில் ஜூன் 1 அன்று சில கடைகள் திறந்தன, ஆட்டோக்கள் ஓடின. மறுநாள், ஜூன் 2, மூச்சுத்திணறலோடு அன்பழகன் குரோம்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பரிசோதனையில் கொரோனா உறுதியானது. எங்கே தொற்றியது என்று கைகாட்டுகிற காலம் கோயம்பேட்டோடு முடிந்துவிட்டிருந்தது. அடுத்த நாளே செயற்கைச் சுவாசக் கருவி. இடையில் இரண்டு மூன்று நாள் கொஞ்சம் தேறினார். கருவியின் உதவி குறைக்கப்பட்டிருக்கிறது என்று மருத்துவமனை சொன்னபோது கட்சிக்காரர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். முதல்வர் பழனிசாமி விசாரித்தார். சுகாதாரத் துறை அமைச்சர் விஜயபாஸ்கர் நேரில் போய்ப் பார்த்தார். பிறகு சிறுநீரகமும் இதயமும் தளர்ந்தன. ஜூன் 10 காலை 8 மணியளவில் உயிர் பிரிந்தது.

அன்று அவருக்குப் பிறந்தநாள். 62 வயது.

அன்று மாலை சுகாதாரத் துறை வெளியிட்ட அறிக்கையில் புதிய தொற்று 1,927, மொத்தம் 36,841 என்று இருந்தது. இந்தியாவில் கொரோனாவால் இறந்த முதல் சட்டமன்ற உறுப்பினர் அவர்.

உடல் தியாகராய நகர் கண்ணம்மாபேட்டைக்கு வந்தது. அப்பா ஜெயராமனைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் குழி. பாதுகாப்பு உடை போட்ட ஆட்கள், விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பத்தினர். வேறு நாளாக இருந்தால் உஸ்மான் சாலையே அடைபட்டிருக்கும். இரண்டு மாதத்துக்கு முன், ஏப்ரலில், கொரோனாவில் இறந்த நரம்பியல் மருத்துவர் ஒருவரின் உடலைப் புதைக்க விடாமல் ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்து விரட்டிய ஊர் இதுதான். நண்பரான இன்னொரு மருத்துவர் நள்ளிரவில் கையால் மண்ணைத் தள்ளி அவரை மூடினார். அந்தக் கதையை எட்டாவது அத்தியாயத்தில் பார்த்தோம். ஜூனில் கல் எறிய யாரும் வரவில்லை. எம்.எல்.ஏ. என்பதாலா, இல்லை இரண்டு மாதத்தில் ஊர் பக்குவப்பட்டுவிட்டதாலா என்று கேட்டால், இரண்டாவதை நம்பவே எனக்கு ஆசை.

மூன்று நாள் கழித்து ஆளுங்கட்சிப் பக்கத்திலும் ஒருவர் விழுந்தார். ஸ்ரீபெரும்புதூர் அ.தி.மு.க. உறுப்பினர் கே. பழனிக்கு ஜூன் 13 அன்று தொற்று உறுதியானது. அவரும் ஊரடங்கு முழுக்க நிவாரணப் பொருள்களோடு தொகுதியைச் சுற்றியவர்தான். அவர் தொகுதியின் நிலைமை திருவல்லிக்கேணிக்கு நேர் எதிர். மே மாதத்திலேயே தொழிற்சாலைகள் திறக்கத் தொடங்கிவிட்டன. இருங்காட்டுக்கோட்டையில் கார்கள் மறுபடி வரிசையில் ஏறின. திறந்த தொழிற்சாலைகளில் தொழிலாளர்களுக்குத் தொற்று வந்து மறுபடி மூடிய சம்பவமும் அங்கே மே கடைசியில் நடந்தது. மூடியே கிடந்த தொகுதியின் எம்.எல்.ஏ.வுக்கும் வந்தது, திறந்துவிட்ட தொகுதியின் எம்.எல்.ஏ.வுக்கும் வந்தது. பழனி பிழைத்து வீடு திரும்பினார்.

அரசியல்வாதி இல்லாமல் சென்னையைச் சமாளிக்க முடியாது என்பது அந்த ஜூனில் அரசுக்கே உறைத்திருக்க வேண்டும். மாநகராட்சியின் 15 மண்டலங்களையும் ஐந்து அமைச்சர்களிடம் பிரித்துக் கொடுத்தார்கள்: ஜெயக்குமார், காமராஜ், ஆர்.பி. உதயகுமார், எம்.ஆர். விஜயபாஸ்கர், கே.பி. அன்பழகன். ஜெயக்குமார் ராயபுரத்துக்காரர். மற்ற நால்வரில் ஒருவர்கூடச் சென்னைத் தொகுதிக்காரர் அல்ல. நன்னிலம், திருமங்கலம், கரூர், பாலக்கோடு என்று எங்கிருந்தோ வந்து சென்னைத் தெருக்களில் நடந்தார்கள். பாலக்கோட்டுக்காரரான கே.பி. அன்பழகனுக்கும் பிறகு தொற்று உறுதியானது. 2016 தேர்தலில் சென்னையின் பெரும்பாலான தொகுதிகளில் தி.மு.க. வென்றிருந்தது. அந்த எம்.எல்.ஏ.க்களைக் கூப்பிட்டுப் பேச வேண்டியிருக்குமே என்பதுதான் அரசின் சங்கடம்.

ஜூன் 19 அன்று சென்னையும் சுற்றியுள்ள பகுதிகளும் மறுபடி இறுக மூடப்பட்டன. மாத முடிவில் சென்னையில் மட்டும் ஒரு நாள் எண்ணிக்கை 2,000ஐத் தாண்டியது. தெருவுக்குத் தெரு காய்ச்சல் முகாம், வீடு வீடாகக் கணக்கெடுப்பு, தகரம் வைத்து அடைத்த சந்துகள், கபசுரக் குடிநீர் அண்டா. ஜூலையில் எண்ணிக்கை இறங்கியது. இந்தப் பெருமை மாநகராட்சிக்கும் அதன் களப்பணியாளர்களுக்கும் போக வேண்டியது, கொடுத்துவிடுவோம்.

ஜூலை 6க்குப் பிறகு ஊர் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவைத் திறந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் முழு அடைப்பு. கடைவாசலில் வரைந்த சுண்ணாம்பு வட்டங்கள் மங்கின; யாரும் மறுபடி வரையவில்லை. ஆகஸ்ட் 18 அன்று சென்னையில் டாஸ்மாக் திறந்தது. பார்த்தசாரதி கோயிலும் வாலாஜா பள்ளிவாசலும் அதற்குப் பிறகும் இரண்டு வாரம் காத்திருந்தன. வழிபாட்டுத் தலங்களுக்கும் மாநகரப் பேருந்துக்கும் செப்டம்பர் 1 அன்றுதான் வழி பிறந்தது. செப்டம்பர் 7 மெட்ரோ ரயில். செப்டம்பர் 28 கோயம்பேடு காய்கறிச் சந்தை. மேன்ஷன் சாவிகள் ஒவ்வொன்றாக ஆணியைவிட்டு இறங்கின.

சட்டமன்றமும் திறக்க வேண்டியிருந்தது. ஆறு மாதத்துக்குள் அவை கூடியாக வேண்டும் என்பது அரசியல் சட்டம். கோட்டையில் உறுப்பினர்கள் தோளோடு தோள் உரசி உட்காரும் இடத்தில் இடைவெளி விட முடியாது. எங்கே போவது? வாலாஜா சாலையில் இருக்கும் கலைவாணர் அரங்கத்தின் மூன்றாம் தளத்துக்குப் போனார்கள். சேப்பாக்கத்துக்கு.

இந்த இடத்தின் விசித்திரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1952 முதல் 1956 வரை சென்னை மாநிலச் சட்டமன்றம் கூடியது இதே வளாகத்தில்தான். அந்தக் கட்டடமே பிறகு கலைவாணர் அரங்கமானது. அது இடிக்கப்பட்டு இப்போதுள்ள அரங்கம் எழுந்தது. அரங்கத்துக்கு அண்டையில் ஓமந்தூரார் தோட்டத்தில், சட்டமன்றத்துக்கென்றே கருணாநிதி ஆட்சியில் கட்டி 2010 மார்ச்சில் திறந்த பெரிய கட்டடம் இருக்கிறது. ஆட்சி மாறியதும் சட்டமன்றம் கோட்டைக்கே திரும்பியது. 2014இல் அந்தக் கட்டடம் பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை ஆனது. 2020இல் அதுதான் சென்னையின் முக்கியமான கொரோனா மருத்துவமனைகளில் ஒன்று. ஆக, சட்டமன்றத்துக்குக் கட்டிய இடத்தில் நோயாளிகள் படுத்திருக்க, நாடக அரங்கத்தில் சட்டமன்றம் நடந்தது. இதைக் கதையில் எழுதினால் ஆசிரியர் மிகைப்படுத்துகிறார் என்று திருப்பி அனுப்புவார்.

செப்டம்பர் 14 காலை. எல்லோருக்கும் பரிசோதனை முடிந்து, தொற்று இல்லாதவர்களே உள்ளே. தி.மு.க.வினர் நீட் தேர்வைத் தடை செய்யக் கோரும் வாசகம் எழுதிய முகக்கவசத்தோடு வந்திருந்தார்கள். அன்று அவையின் வேலை இரங்கல்தான். ஜெ. அன்பழகனுக்காக எழுந்து நின்றார்கள், அமர்ந்தார்கள், அவை ஒத்திவைக்கப்பட்டது. மூன்று நாளில் கூட்டத்தொடரே முடிந்தது. அவையில் சத்தம் போட்டவருக்கு அவர் தொகுதியின் மண்ணிலேயே அவை மௌனம் காத்தது.

தொகுதிக்கு அடுத்த ஆள் யார் என்ற கேள்விக்கும் சட்டப் புத்தகத்தைத்தான் புரட்ட வேண்டும். ஓர் இடம் காலியானால் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும். ஆனால் அவையின் ஆயுள் ஒரு வருஷத்துக்குக் கீழே இருந்தால் அந்தக் கட்டாயம் இல்லை. 15ஆவது சட்டமன்றத்தின் ஆயுள் 2021 மே 24 வரை. அன்பழகன் இறந்தது ஜூன் 10. மூன்று வாரம் முன்பாக இடம் காலியாகியிருந்தாலும் தேர்தல் நடந்திருக்குமா என்றால், அதுவும் சந்தேகமே. பிப்ரவரியில் காலியான திருவொற்றியூருக்கும் குடியாத்தத்துக்கும் கொரோனாவைக் காரணம் காட்டி நடத்தவில்லை.

இப்படியாக, ஊர் திறந்துகொண்டே போன மாதங்களில் சேப்பாக்கம் – திருவல்லிக்கேணிக்கு எம்.எல்.ஏ.வும் இல்லை, கவுன்சிலரும் இல்லை, மேயரும் இல்லை. பேருந்து எந்தத் தடத்தில் முதலில் ஓட வேண்டும், ஜாம்பஜாரில் எந்தக் கடைக்கு எத்தனை மணி வரை அனுமதி, கடற்கரை வியாபாரிகளுக்கு என்ன வழி என்றெல்லாம் முடிவெடுத்தவர்கள் அதிகாரிகள். மெரினா வியாபாரிகளின் கதையைப் பேச அவையில் ஆள் இல்லாததால் அது உயர் நீதிமன்றத்தில் பேசப்பட்டது. கடற்கரையை எப்போது திறப்பீர்கள் என்று நீதிபதிகள் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு, டிசம்பர் 14 அன்று மெரினா திறந்தது. சுண்டல்காரர்களுக்கு ஒன்பது மாதத்துக்குப் பிறகு முதல் நாள் வியாபாரம்.

2021இல் ஆட்சி மாறியதும் எம்.எல்.ஏ.க்களுக்கு ஒரு நாற்காலி போடப்பட்டது. முதல்வர் தலைமையில் எல்லாக் கட்சிச் சட்டமன்ற உறுப்பினர்களும் அடங்கிய 13 பேர் ஆலோசனைக் குழு மே 16 அன்று அமைந்தது. முந்தைய ஆட்சியின் சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கரும் அதில் உறுப்பினர். அந்தக் குழு எதைச் சாதித்தது, மேற்கு மாவட்டங்களும் டெல்டாவும் மட்டும் ஏன் கடைசியில் திறந்தன என்பது அடுத்த வாரத்துக்கு.

சேப்பாக்கம் – திருவல்லிக்கேணிக்கு 11 மாதம் கழித்து ஆள் கிடைத்தது. 2021 மே 11 அன்று கலைவாணர் அரங்கத்தில் உதயநிதி ஸ்டாலின் அதன் உறுப்பினராக உறுதிமொழி எடுத்துக்கொண்டார். இரண்டாம் அலைக்கான ஊரடங்கு அதற்கு முதல் நாள்தான் தொடங்கியிருந்தது.

(தொடரும்)